முற்றத்து மல்லிகை

ஒரு விளையாட்டுக் கழகத்தின் பெருமையை அளப்பதற்கு உலகத்தார் வைத்திருக்கும் அளவுகோல் மிக எளியது. அக்கழகம் எத்தனை கிண்ணங்களை வென்றது என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை பெரிதாயின் கழகமும் பெரிது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த அளவுகோலை நான் பழிப்பவனல்லன். வெற்றிக்காகவே ஆடப்படும் ஆட்டத்தில் வெற்றியை எண்ணாமல் வேறு எதனை எண்ணுவது? ஆயினும், பழைய குடும்பங்களின் கதையைப் படிப்பது போலவே கழகங்களின் கதையையும் படித்துப் பழகிய எனக்கு, கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்கும் ஆவல் எப்போதும் உண்டு. ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கு ஒன்று. அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினார்கள் என்னும் கணக்கு வேறொன்று.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள செல்டிக்ஸ் என்னும் கூடைப்பந்தாட்டக் கழகத்தின் கதை, இவ்விரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுவது. 2024ஆம் ஆண்டில் அக்கழகம் அமெரிக்கத் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் சம்பியன் பட்டத்தைப் பதினெட்டாவது முறையாக வென்றது. அதுவரை வேறெந்தக் கழகமும் அவ்வெண்ணை எட்டியதில்லை. அந்தப் பதினெட்டுப் பட்டங்களிற் பதினொன்று, 1957 முதல் 1969 வரையுள்ள பதின்மூன்று ஆண்டுகளுக்குள் வந்தவை. என் மனத்தை ஈர்த்து வைத்திருப்பவை அந்தப் பதின்மூன்று ஆண்டுகளே. அவ்வாண்டுகளில் அந்தக் கழகம் தன் ஆடுகளத்துக்குள் ஒரு நீதியை நிலைநாட்டியது. களத்துக்கு வெளியே இருந்த நகரமோ அந்த நீதியைக் கற்றுக்கொள்ள மறுத்தது.

கூடைப்பந்தாட்டம் தோன்றியது பொஸ்டன் நகருக்கு அயலிலேதான். அதே மசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்பீல்ட் நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிற் கடமையாற்றிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், மாரி காலத்தில் மாணவர்களை மண்டபத்துக்குள்ளே ஓடியாட வைப்பதற்காக 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இரண்டு பழக்கூடைகளை உயரத்திற் கட்டி இவ்விளையாட்டைத் தொடக்கி வைத்தார். ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டு காலத்திலும் பொஸ்டன் மக்களின் உள்ளம் பனிச்சறுக்கு ஹொக்கியையும் பேஸ்போலையுமே நாடியிருந்தது.

1946ஆம் ஆண்டில், பொஸ்டன் கார்டன் என்னும் பெரிய விளையாட்டு மண்டபத்தின் தலைவராக இருந்த வோல்ட்டர் பிரவுண், ஹொக்கி ஆட்டம் இல்லாத இரவுகளில் மண்டபம் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு, புதிதாகத் தொடங்கப்பட்ட தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் ஓர் அணியைச் சேர்த்தார். நகரில் அயர்லாந்து வழிவந்தோர் மிகுதியாக வாழ்ந்தமையால், அவர்களின் முன்னோரான கெல்டியரைக் குறிக்கும் பெயரை அணிக்குச் சூட்டி, பச்சை நிறச் சீருடையையும் கொடுத்தார். உலக யுத்தம் முடிந்த கையோடு நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு. ஆகவே மிஞ்சிய ஓக் மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி அணிக்கு ஓர் ஆடுதளம் அமைத்தார்கள். வறுமையிற் பிறந்த அந்தக் கட்டங்கட்டமான தளமே பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. முதல் ஆண்டின் பேறு மாத்திரம் புகழத்தக்கதன்று. அறுபது ஆட்டங்களில் வெற்றி இருபத்திரண்டு, தோல்வி முப்பத்தெட்டு.

கழகத்தின் தலைவிதியை மாற்றிய ஆண்டு 1950. அவ்வாண்டில் மூவர் வந்து சேர்ந்தனர்.

முதலாமவர் பயிற்சியாளர் றெட் அவர்பாக். ருஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்திற் பிறந்து, நியூயோர்க் நகரின் புரூக்லின் பகுதியில் வளர்ந்தவர். குரல் உரத்தவர், கோபம் மிக்கவர், வெற்றி உறுதியாயிற்று என்று தாம் கருதியதும், ஆட்டம் முடியுமுன்னரே ஆசனத்தில் அமர்ந்தபடி சுருட்டைப் பற்றவைக்கும் வழக்கத்தால் எதிரணியினரின் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொண்டவர்.

இரண்டாமவர் சக் கூப்பர். அந்நாள்வரை தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்துக் கழகமொன்றும் ஒரு கறுப்பின வீரரைத் தெரிவு செய்ததில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. எழுதாத சட்டம் எல்லோர் நெஞ்சிலும் இருந்தது. வீரர்களைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் வோல்ட்டர் பிரவுண் எழுந்து கூப்பரின் பெயரைச் சொன்னபோது, அவர் கறுப்பர் என்பது தெரியாதா என்று ஒருவர் கேட்டதாகவும், ஆடத் தெரிந்தவர் எந்த நிறத்தவராயினும் தமக்குக் கவலையில்லை என்று பிரவுண் விடையிறுத்ததாகவும் கூறுவர். அவ்வாண்டு வேறு கழகங்களும் கறுப்பின வீரரைச் சேர்த்தன. சங்கத்தின் ஆட்டமொன்றில் முதலில் இறங்கிய கறுப்பின வீரர் ஏர்ள் லொயிட் என்பவரே. ஆயினும் தெரிவுக் கூட்டத்திலே முதலில் ஒலித்த கறுப்பினப் பெயர் கூப்பரின் பெயராகும்.

மூன்றாமவர் பொப் கூசி. அயலூரான வூஸ்டரிலுள்ள கல்லூரியில் ஆடிப் பெயர் பெற்ற அவரை நகரத்தார் எல்லோரும் வேண்டினர். அவர்பாக் வேண்டாம் என்றார். வேறொரு கழகம் கலைந்தபோது அதன் வீரர் மூவரின் பெயர்கள் ஒரு தொப்பியில் இடப்பட்டன. பிரவுண் கையை விட்டு எடுத்த சீட்டிற் கூசியின் பெயர் இருந்தது. மூவரிலும் அவரே தமக்குக் கிடைத்தார் என்று பிரவுண் வருந்தினாராம். வருந்திப் பெற்ற அந்த வீரர், தொடர்ந்து எட்டுப் பருவங்களில், பந்தைத் தக்க சமயத்தில் தோழரிடம் சேர்த்துப் புள்ளி பெறச் செய்வதில் சங்கத்தின் முதல்வராக விளங்கினார்.

கூப்பரும் கூசியும் நண்பராயினர். வட கரோலைனா மாநிலத்தின் றாலி நகரில் ஆடச் சென்றபோது, கூப்பருக்கு அங்குள்ள ஹொட்டேலில் இடமில்லை என்று கூறப்பட்டது. அன்றிரவு ஆட்டம் முடிந்ததும் அவரை இரவு வண்டியில் ஏற்றி அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. கூசி தாமும் அவருடன் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். புகையிரத நிலையத்திலே கழிப்பறைகளின் வாயிலில் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று எழுதி வைத்திருந்ததைக் கண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் தாம் வெட்கித்து நின்றதைக் கூசி முதுமையிலும் நினைவு கூர்ந்திருக்கிறார். நண்பனுடன் வண்டியேறலாம், ஆயின் அந்த எழுத்தை அழிக்க ஒரு நண்பனால் மாத்திரம் ஆகாது. இக்கழகத்தின் கதை முழுவதும் இந்த நிகழ்ச்சியின் விரிவுரையாகவே எனக்குத் தோன்றுவதுண்டு.

1954ஆம் ஆண்டில், பந்தைப் பெற்ற அணி இருபத்துநான்கு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தேயாக வேண்டும் என்னும் விதி வந்தது. ஆட்டம் வேகங் கொண்டது. செல்டிக்ஸ் அணியில் ஓடுவோர் இருந்தனர், எறிவோர் இருந்தனர். வளையத்தில் மோதித் திரும்பும் பந்தைத் தாவிப் பற்றி ஓடுவோரிடம் சேர்ப்பதற்கு மாத்திரம் ஆள் இல்லை. அந்த ஆளை அவர்பாக் கண்டு வைத்திருந்தார். அவரே பில் றசல்.

றசல் 1934ஆம் ஆண்டில், தென் மாநிலமாகிய லூசியானாவிற் பிறந்தவர். அங்கே அவருடைய தந்தை, வெள்ளையர் எல்லோருக்கும் வழங்கிய பின்னரே தமக்குப் பெற்றோல் கிடைக்கும் என்றறிந்து புறப்பட முயன்றபோது, நிலையத்தான் துப்பாக்கியை நீட்டி மிரட்டினான். இத்தகைய வாழ்வை வெறுத்து அக்குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. ஆறடி பத்தங்குல உயரமுள்ள இளைஞராகிய றசல், சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியை 1955, 1956ஆம் ஆண்டுகளிற் கல்லூரிச் சம்பியனாக்கினார்.

அவரைப் பெறுவதற்கு அவர்பாக் செய்த வேலை ஒரு சதுரங்க ஆட்டம் போன்றது. தம் அணியின் புகழ்பெற்ற வீரர் எட் மக்கோலியையும், கிளிவ் ஹேகனையும் சென்ற் லூயிஸ் கழகத்துக்குக் கொடுத்து, அக்கழகத்துக்குரிய இரண்டாவது தெரிவு உரிமையை வாங்கினார். முதல் உரிமை றோச்செஸ்டர் கழகத்திடம் இருந்தது. அவர்கள் றசலைத் தெரிவு செய்யாதிருக்கும் பொருட்டு, மக்களைக் கவரும் பனிச்சறுக்கு நடனக் காட்சியொன்றை அவர்களின் மண்டபத்துக்கு அனுப்புவதாக பிரவுண் வாக்களித்தார் என்பது பலரும் சொல்லும் கதை. எவ்வாறாயினும் றோச்செஸ்டர் வேறொருவரைத் தெரிந்தது, றசல் பொஸ்டனுக்கானார். அவருடன் பல்கலைக்கழகத்தில் ஆடிய கே. சி. ஜோன்ஸும் அதே தெரிவிற் கிடைத்தார். அவ்வாண்டின் இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டியிற் பொற்பதக்கம் வென்று, டிசம்பர் மாதத்திலேதான் றசல் கழகத்திற் சேர்ந்தார். நான்கு மாதங்களின் பின், 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, அதே சென்ற் லூயிஸ் கழகத்தை ஏழாவது ஆட்டத்தில், இருமுறை மேலதிக நேரம் ஆடி, 125-123 என்னும் புள்ளிக் கணக்கில் வென்று, செல்டிக்ஸ் தன் முதற் பட்டத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு றசலின் கணுக்கால் காயமடைய, பட்டம் கைநழுவியது. அதன்பின் 1959 முதல் 1966 வரை இடையறாது எட்டு ஆண்டுகள் பட்டம் பொஸ்டனை விட்டு அகலவில்லை.

நான் இவ்வாட்டத்தை ஆடியவனல்லன்; மைதான ஓரத்தில் நின்று பார்த்தவன். என் மகன் பாடசாலை அணியில் ஆடத் தொடங்கிய நாட்களில், வீட்டுக்கு வந்ததும் தான் எத்தனை புள்ளி பெற்றான் என்பதையே முதலிற் சொல்வான். அணி வென்றதா தோற்றதா என்பதை நான் கேட்டுத்தான் அறிய வேண்டும். இந்த இயல்பு பிள்ளைகளிடம் மாத்திரமன்று, பெரியவர்களிடமும் உண்டு. அவனுக்கு நான் 1962ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன்.

அந்தப் பருவத்தில் பிலடெல்பியா கழகத்தின் வில்ட் சேம்பர்லேன் ஆட்டமொன்றுக்குச் சராசரி ஐம்பதுக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பெற்றார். மார்ச் 2ஆம் திகதி நடந்த ஆட்டத்தில் தனியொருவராக நூறு புள்ளிகளைக் குவித்தார். மனிதரால் ஆகுமோ என்று உலகம் வியந்தது. றசலோ தம் வாழ்நாளில் எப்பருவத்திலும் சராசரி இருபது புள்ளியைத் தொட்டவரல்லர். ஆயினும் அவ்வாண்டு பிலடெல்பியாவை ஏழாவது ஆட்டத்தில் இரண்டே புள்ளியால் வென்று இறுதிப் போட்டிக்குச் சென்றது செல்டிக்ஸ். அங்கே லொஸ் ஏஞ்சல்ஸ் கழகத்துடன் மீண்டும் ஓர் ஏழாவது ஆட்டம்; மேலதிக நேரம்; 110-107 என்று வெற்றி. அன்று றசல் முப்பது புள்ளிகளைப் பெற்றதோடு, வளையத்தில் மோதித் திரும்பிய பந்தை நாற்பது முறை கைப்பற்றினார். அப்பருவத்தின் மிகச் சிறந்த வீரர் யார் என்று ஆட்டக்காரரே வாக்களித்தபோது, அவர்கள் தெரிந்தெடுத்ததும் றசலையே.

காரணம் யாது? எதிரி எறியும் பந்தைத் தடுப்போர் பலர், அதனைப் பார்வையாளர் பக்கம் பறக்க அடித்துக் கைதட்டல் பெறுவர். அவ்வாறு செய்தால் பந்து மீண்டும் எதிரிக்கே உரியதாகும். றசல் அதனை மெல்லத் தட்டித் தம் தோழன் கையில் விழச் செய்வார். தடுத்த கணத்திலேயே தாக்குதல் தொடங்கிவிடும். இவ்வாறு அவர் தடுத்த பந்துகளுக்கு அக்காலத்திற் கணக்கு வைப்பார் இல்லை. கணக்கில் வராத வேலையே ஆட்டத்தை வென்று கொடுத்தது. அவர்பாக்கும் சம்பளம் பேசும்போது வீரர் பெற்ற புள்ளிகளைப் பார்ப்பதில்லை. அணி வெல்வதற்கு அவர் என்ன செய்தார் என்பதையே பார்த்தார். தொடக்க ஐவருள் ஒருவராக இருக்கத் தகுந்த பிராங் றம்சியை ஆசனத்தில் இருத்தி, எதிரணி களைக்கும் வேளையில் இறக்கினார். றம்சியும் அதனை இழிவென்று கருதவில்லை. பின்னர் அவ்விடத்துக்கு வந்த ஜோன் ஹவ்லிசெக் அதனை ஒரு பதவியாகவே உயர்த்தினார். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளிலும் சங்கத்திலே மிகுதியான புள்ளி பெற்ற வீரர் ஒருமுறையேனும் செல்டிக்ஸ் வீரராக இருந்ததில்லை. பட்டங்கள் பதினொன்று, புள்ளி மன்னர் ஒருவருமில்லை. தனிமரம் தோப்பாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று விளையாட்டு வரலாற்றில் உண்டோ, அறியேன்.

இத்தகைய அணியை நகரம் எவ்வாறு போற்றியது? முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பார்கள். ஆண்டுதோறும் சம்பியனாகிய செல்டிக்ஸ் ஆடும் இரவுகளில் கார்டன் மண்டபத்தின் ஆசனங்கள் பல வெறுமையாகக் கிடந்தன. தோற்றுத் தோற்று அடிமட்டத்திற் கிடந்த ஹொக்கி அணியைப் பார்க்கவோ கூட்டம் நெரிந்தது. காரணம் ஹொக்கியின் மேலுள்ள பழம்பற்று மாத்திரம் என்று சிலர் கூறுவர். அணியிற் கறுப்பின வீரரின் தொகை பெருகியதும் ஒரு காரணமென றசல் வெளிப்படையாகவே சொன்னார்.

1961ஆம் ஆண்டு அக்டோபரில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் காட்சி ஆட்டமொன்றுக்காக அணி சென்றிருந்தது. தங்கியிருந்த ஹொட்டேலின் கோப்பிக் கடையில் சாம் ஜோன்ஸும் சச் சாண்டர்ஸும் உணவு கேட்டபோது, கறுப்பருக்குப் பரிமாறுவதில்லை என்று விடை வந்தது. உலகச் சம்பியன்கள், ஆயின் ஒரு கோப்பை கோப்பிக்குத் தகுதியற்றவர்கள்! றசலும் ஏனைய கறுப்பின வீரரும் ஆடுவதில்லை என்று தீர்மானித்தனர். முதலிற் சமாதானம் சொல்லிப் பார்த்த அவர்பாக், அவர்கள் உறுதியைக் கண்டு, தாமே அவர்களை விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்று வழியனுப்பினார். எதிரணியின் கறுப்பின வீரரும் ஆட மறுத்தனர். வெள்ளை வீரர்கள் மாத்திரம் அன்றிரவு ஆடினார்கள். தேநீர்க் கடை வாயிலிலே மனிதரைத் தரம் பிரித்த காலத்தை அறிந்த நம்மவர், இதனை எங்கோ நடந்த கதை என்று எளிதிற் கடந்து செல்ல முடியாது.

தென் மாநிலத்தில் நடந்தது இது. பொஸ்டனின் புறநகராகிய றீடிங் வட மாநிலத்தது. கல்வியிற் சிறந்தோம் என்று பெருமை பேசும் நாட்டுப்புறம். அங்கே றசல் வீடு வாங்கிக் குடியிருந்தார். அவ்வூரார் அவருக்கு விழாவும் எடுத்தனர். ஆயினும் குடும்பத்தார் வெளியே சென்றிருந்த ஓர் இரவில், வீட்டை உடைத்துப் புகுந்தவர்கள் சுவர்களில் இனவசையை எழுதினர். வெற்றிச் சின்னங்களை உடைத்தனர். படுக்கையில் மலங்கழித்துச் சென்றனர். அதே ஊரில் வேறு பகுதிக்குக் குடிபோக அவர் முயன்றபோது, அயலார் வேண்டாமென்று கையெழுத்துச் சேர்த்தனர். சேம்பர்லேனின் எறிவைத் தடுத்த கைகளால், சொந்த வீட்டுச் சுவரில் எழுதும் கையைத் தடுக்க முடியவில்லை.

றசல் மனம் தளர்ந்து ஒதுங்கியவரல்லர். மனித உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் 1963ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகருக்குச் சென்று, கறுப்பு வெள்ளைச் சிறுவரை ஒன்றாகச் சேர்த்துக் கூடைப்பந்துப் பயிற்சி அளித்தார். அவ்வாண்டு நடந்த வாஷிங்டன் பேரணியிலும் கலந்துகொண்டார்.

நகரம் நின்ற இடத்தில் நிற்க, கழகம் தன் வழியே முன்னேறியது. 1964ஆம் ஆண்டு செப்டெம்பரில் வோல்ட்டர் பிரவுண் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, காயமடைந்த டொம் ஹைன்சனுக்குப் பதிலாக வில்லி நோல்ஸ் இறங்கினார். றசல், சாம் ஜோன்ஸ், கே. சி. ஜோன்ஸ், சாண்டர்ஸ், நோல்ஸ் ஆகிய ஐவரும் கறுப்பினத்தவர். ஐவரும் கறுப்பினத்தவராய் ஆட்டத்தைத் தொடக்கியது சங்கத்தின் வரலாற்றில் அதுவே முதல் முறை. அவர்பாக் அதனை அப்போது தாம் கவனிக்கவேயில்லை என்று பின்னர் கூறினார். அவர் கூற்றை நான் நம்புகிறேன். வெல்லக்கூடிய ஐவர் யார் என்பதே அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி. நீதி பற்றிச் சொற்பொழிவு செய்யாமலே நீதி செய்யும் மனிதர் உண்டு.

அதற்கடுத்த ஏப்ரலில் பிலடெல்பியாவுடன் நடந்த ஏழாவது ஆட்டம் சிறப்பாக நினைக்கத்தக்கது. ஒரு புள்ளி முன்னணியில் இருக்கையில், சில விநாடிகள் மாத்திரம் எஞ்சியிருந்தபோது, றசல் களத்துக்குள் எறிந்த பந்து கூடையைத் தாங்கிய கம்பியிற் பட்டு எதிரணிக்குரியதாயிற்று. அவருடைய தவறால் ஆண்டு முழுவதன் உழைப்பும் போகும் நிலை. எதிரணி பந்தை உள்ளே எறிந்த கணத்தில் ஹவ்லிசெக் பாய்ந்து அதனைத் தட்டிச் சாம் ஜோன்ஸிடம் சேர்த்தார். 110-109. ஒன்பது பருவங்களாகத் தோழரைத் தாங்கிய றசலை அன்று தோழர் தாங்கினர்.

1966இல் அவர்பாக் ஓய்வு பெற்றார். தம் இடத்துக்கு றசலையே நியமித்தார். அமெரிக்காவின் பெருந் தொழில்முறை விளையாட்டுச் சங்கங்களில், அந்த நூற்றாண்டில் ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளராகப் பெரும்புகழ் பெறும் வழி அன்று திறந்தது. தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் அவரே முதல்வர். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இரட்டைச் சுமை. முதல் ஆண்டில் தோல்வி. முடிந்தது செல்டிக்ஸ் காலம் என்றனர் பலர். 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டார். மறுநாள், கனத்த நெஞ்சோடு, பிலடெல்பியாவுடனான தொடர் தொடங்கியது. ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்த செல்டிக்ஸ் எஞ்சிய மூன்று ஆட்டங்களையும் வென்று, பட்டத்தையும் கைக்கொண்டது.

1969இல் அணி முதுமையெய்தியிருந்தது. தன் பிரிவில் நான்காம் இடமே கிடைத்தது. எனினும் இறுதிப் போட்டிவரை தட்டுத் தடுமாறிச் சென்று, லொஸ் ஏஞ்சல்ஸ் மண்டபத்தில் ஏழாவது ஆட்டத்துக்கு நின்றது. அங்கே கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. வெற்றி பெற்றதும் அவை பொழிய, வாத்தியக் குழு முழங்கும் என்று அவ்வூர்க் கழகத்தார் முன்கூட்டியே திட்டம் எழுதியிருந்தனர். ஆட்டம் 108-106 என முடிந்தது. வென்றது பொஸ்டன். பலூன்கள் கூரையிலேயே இருந்தன. றசலின் பதினொன்றாவது பட்டமும் கடைசி ஆட்டமும் அதுவே.

அதன்பின் நடந்ததுதான் பலருக்கும் விளங்காதது. 1972ஆம் ஆண்டில் அவருடைய ஆறாம் இலக்கச் சீருடையைக் கார்டன் மண்டபத்தின் கூரையில் ஏற்றிக் கௌரவிக்கக் கழகம் விரும்பியபோது, பொதுமக்கள் உள்ளே வருமுன்னர், பழைய தோழர்கள் சிலர் முன்னிலையில் மாத்திரம் அதனைச் செய்ய அவர் இசைந்தார். தாம் ஆடியது செல்டிக்ஸ் அணிக்காக, பொஸ்டன் நகருக்காக அன்று என்பது அவர் நிலை. 1975இல் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது விழாவுக்கே செல்லவில்லை. செருக்கு என்றனர் சிலர். அவருடைய வீட்டுச் சுவரைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லியிருக்கமாட்டார்கள்.

கழகம் மேலும் வளர்ந்தது. 1974, 1976இல் பட்டங்கள் வந்தன. அந்த 1974ஆம் ஆண்டிலேயே, பாடசாலைகளில் இனங்களை ஒன்றாகச் சேர்க்க நீதிமன்றம் கட்டளையிட்டபோது, கறுப்பினப் பிள்ளைகள் சென்ற பஸ் வண்டிகள்மீது பொஸ்டன் தெருக்களிற் கல் வீசப்பட்டது. லறி பேர்ட் வந்து 1981, 1984, 1986இல் வெற்றிகள் கிடைத்தன. அவற்றில் இறுதி இரண்டையும் பயிற்சியாளராக நின்று பெற்றுத் தந்தவர் பழைய கே. சி. ஜோன்ஸ். 1986இல் கழகம் தெரிவு செய்த லென் பயஸ் என்னும் இளைஞர் இரண்டே நாளில் மாண்டார். 1993இல் தலைவர் றெஜி லூயிஸும் இளமையிலேயே இறந்தார். இருபத்திரண்டு ஆண்டு வறட்சியின் பின் 2008இல் பதினேழாவது பட்டமும், 2024இல் பதினெட்டாவதும் வந்தன.

காலம் சிலவற்றை மெல்லத் திருத்தியது. 1999இல் றசலின் இலக்கத்தை மக்கள் முன்னிலையில் மறுபடியும் ஏற்றியபோது, நகரத்தார் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். 2013இல் நகர மண்டபத்து முன்றலில் அவருக்குச் சிலை எழுந்தது. 2016இல், எண்பத்தேழு வயதான பொப் கூசி, றசலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்நாட்களில் தாம் தோழருக்காக இன்னும் கூடுதலாகச் செய்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நெடுநாட்கள் கழித்து றசல் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். கூசி தீயவரல்லர், றாலி நகரிலே கூப்பருடன் இரவு வண்டியேறியவர். களத்தில் யாவரையும் ஒன்றாக நடத்தியவர். அப்படிப்பட்டவரையும் அறுபது ஆண்டுகள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது: களத்தின் கோட்டுக்கு உள்ளே காட்டிய நேர்மையை வெளியே எவ்வளவு தூரம் கொண்டு சென்றேன்?

இக்கேள்வி கூசிக்கு மாத்திரம் உரியதன்று. பாடசாலை மைதானத்திலும் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் ஒருவரோடொருவர் தோள்கொடுத்து நிற்கும் நாம், மணியடித்து வாயிலைக் கடந்ததும் பழைய கோடுகளுக்குள் திரும்பிச் செல்வதில்லையா? அணியாக ஆடுவதற்குப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் மாலை ஆறு மணிக்கு மேலும் நிலைக்குமாயின் அதுவே விளையாட்டின் பயன்; நிலைக்காவிடின் கிண்ணம் வெறும் வெள்ளிப் பாத்திரந்தான்.

2019ஆம் ஆண்டு செப்டெம்பரில், இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த சக் கூப்பரைப் புகழ் மண்டபம் தன் வரிசையிற் சேர்த்தது. அதன் பின்னரே, நவம்பரில், தமக்குரிய மோதிரத்தை றசல் ஏற்றுக்கொண்டார். தமக்கு முன் கூப்பர் போன்றோர் அங்கே இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதாலேயே 1975இல் தாம் விலகி நின்றதாக அப்போது தெரிவித்தார். 2022இல் எண்பத்தெட்டாவது வயதில் அவர் மறைந்தபின், சங்கத்தின் எல்லாக் கழகங்களும் அவருடைய ஆறாம் இலக்கத்தை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று தீர்மானித்தன. அது பெரிய மரியாதைதான். ஆயினும், முன்னே சென்றவர் முதலில் உள்ளே போகட்டும் என்று நாற்பத்துநான்கு ஆண்டுகள் வாயிலிற் காத்து நின்ற அந்த மனிதரையே என் மகனிடம் நான் பெரிதாகச் சொல்வது.